கையில் துடிக்கும் நாடி

2024 நவம்பர் 12, காலை. ஜெர்மனியின் காசல் அருகே ஏ7 நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"நகருடா, கழுதை," என்று முன்னால் போன வேனைப் பார்த்துக் கத்தினான் எக்கார்ட்.

"குரல்ல கோபம் தெரியுது. மூச்சை மெதுவா விடுங்க," என்றது கார்.

"தகர டப்பா, நீ எனக்குப் புத்தி சொல்றியா? பத்து மணி டெஸ்டுக்குப் போகலைன்னா என் லைசென்ஸ் அவ்வளவுதான்."

"ஸ்டியரிங் பிடிச்ச கையில நாடி வேகமா துடிக்குது. ஓய்விடத்துல நிறுத்திடுங்க."

"நிறுத்தினா உன் ஒயரைப் பிடுங்கிடுவேன்."

கார் ஓய்விடத்துக்குள் திரும்பி நின்றது.

"இறங்கு எக்கார்ட். கத்துறது நீ, துடிக்கிறது என் நாடி," என்றாள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் மனைவி ஹைக்கே.

சாலையில் வெறிபிடித்து ஓட்டியதற்காகப் பறித்த லைசென்ஸைத் திருப்பித் தரலாமா என்று பார்க்கும் மனநிலைத் தேர்வில், பத்து மணிக்கு அவன் பெயரை அழைத்தார்கள். வரவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.