கனவுக்காரி

"ஏட்டி மேரி, நேத்து ராத்திரி என்ன கனவு? சொல்லு, அப்பத்தான் எனக்குக் கட்டன் டீ தொண்டையில இறங்கும்" என்றாள் கற்பகம், பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே.

தேயிலைக் காட்டில் காலை ஓய்வு. மூடுபனி இன்னும் கலையவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் நாலைந்து பேர் பாறையடியில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பிளாஸ்க் ஒன்று, மூடி ஒன்று. அந்த மூடிதான் எல்லோருக்கும் டம்ளர். ஆளுக்கொரு வாய் குடித்துவிட்டு அடுத்தவளிடம் நீட்ட வேண்டும். கழுவுகிற பேச்சே கிடையாது. தனி டம்ளர் கொண்டுவந்தால், "பெரிய துரைசாணி வந்துட்டா" என்று ஒரு வாரம் ஓட்டித் தீர்த்துவிடுவார்கள்.

புஷ்பமேரிக்கு அந்தக் கூட்டத்தில் தனி மவுசு. மற்றவர்கள் கட்டையாய்ப் படுத்துக் கட்டையாய் எழுகிறவர்கள். அவளுக்கோ படுத்தால் போதும், விடிய விடிய கலர் படம்.

"தேயிலைச் செடியெல்லாம் தண்ணிக்குள்ள நிக்குதுக்கா. நாம நீந்தி நீந்திக் கொழுந்து கிள்ளுதோம். கிள்ளக் கிள்ள ஒவ்வொரு இலையும் விளக்காட்டம் எரியுது. அண்ணாந்து பாத்தா மாதா சப்பரம் மிதந்து போகுது. முன் கம்புல எங்க வீட்டுக்காரவுக. கால் தண்ணியிலயே படல."

கேட்டவர்கள் கொஞ்ச நேரம் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெள்ளைக்குள் நிஜமாகவே ஏதோ மிதந்து போவது போலத்தான் இருந்தது.

மாரீஸ்வரிதான் அதைக் கலைத்தாள். "இனி கனவுலதான் தூக்கணும். பவுல்ராஜ் அண்ணன் இந்த வருசம் தோள் கொடுக்கக் கூடாதுன்னு கோயில் கமிட்டி செபாஸ்டின் சொல்லிட்டாராம்ல?"

புஷ்பமேரி கூடையில் கிடந்த கொழுந்தைக் கிளறிவிட்டாள்.

அவள் கணவன் பவுல்ராஜ் எஸ்டேட் தேயிலையை ஏற்றிப்போகும் லாரி டிரைவர். பெரிய ஆஸ்பத்திரியில் எச்ஐவி மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் அவன் டப்பா வாங்கியதை, போன வாரம் மாரீஸ்வரியின் தம்பி பார்த்துவிட்டான். சாயங்காலத்துக்குள் தொழிலாளர் லயத்து வீடுகள் முழுக்கச் சேதி பரவிவிட்டது. அன்றிலிருந்து அவன் குழாயடிக்குப் போனால் குடங்கள் தானாக விலகுகின்றன. மீசை முளைத்த நாளிலிருந்து சப்பரத்துக்கு முன் கம்பு பிடித்தவன், நேற்று தோள் துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் வைத்தான்.

"லாரிக்காரன், எந்த ஊருல வாங்குனானோ!" என்றாள் கற்பகம். "உன்னை நினைச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல. அவன் தட்டு, டம்ளரைத் தனியா வையி. பேசாம பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துரு. நான் சோறு போடுதேன்."

சொல்லிவிட்டு மூடியில் கட்டனை ஊற்றி முதலில் புஷ்பமேரிக்குத்தான் நீட்டினாள். அவ்வளவு பிரியம்.

புஷ்பமேரி ஒரு வாய் குடித்தாள். "அது எச்சில்ல ஒட்டாதுக்கா. தொட்டாலும் ஒட்டாது. புருசன் பொண்டாட்டிக்குள்ள வரும், ஊசியில, ரத்தத்துல வரும், தாய்கிட்டருந்து பிள்ளைக்கு வரும். மாத்திரையை ஒழுங்கா முழுங்கி, கிருமி டெஸ்டுலயே தெரியாத அளவுக்கு அடங்கிட்டா, கூடப் படுக்கிறவுகளுக்கும் வராது."

"கொசு கடிச்சா?" என்றாள் மாரீஸ்வரி.

"வராது."

"எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்த பாடம்!" கற்பகம் அவள் கையிலிருந்த மூடியை வாங்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். "மாத்திரை வாங்கித் திங்கிற சீக்காளி வேற என்னத்தட்டி சொல்லுவான்?"

'யார் என்ன கேட்டாலும் நீ வாயைத் திறக்காத மேரி, என்னோட போகட்டும்' என்றுதான் காலையில் பவுல்ராஜ் சொல்லி அனுப்பியிருந்தான். வாயைத் திறக்காமல் இருந்தால் இந்தப் பாறையடி இடம் அவளுக்கு நிலைக்கும். இந்தப் பிரியமும் நிலைக்கும். அவன் மட்டும் திருநாள் அன்று சன்னல் வழியாகச் சப்பரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

பனி விலகி, சரிவில் வெயில் இறங்கியது. புஷ்பமேரி காலி மூடியைக் கற்பகத்தின் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவுகளுக்கு ஒண்ணும் இல்லக்கா, எனக்காக வாங்கிட்டு வாராக. எங்கம்மாகிட்டருந்து பொறக்கும்போதே எனக்கு வந்தது, தெரிஞ்சேதான் என்னைக் கட்டுனாக. இத்தனை வருசமா நீங்க எல்லாரும் என் எச்சிலைத்தான் குடிக்கீங்க, உங்களுக்கு என்ன வந்துச்சு? ராத்திரி அந்த மாத்திரையைப் போட்டாத்தான்க்கா எனக்கு இப்படிக் கனவே வருது."