உன் வாசலில் நான்

பியானோவின் முதல் நான்கு சுரங்களிலேயே அது எந்தப் பாட்டு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.



காலை பதினொரு மணி. அரங்கு நிறைய ஆட்கள். பக்கத்தில் அக்கா மகள் நிருபமா. அந்தப் பாட்டை எழுதியவன் செத்தே ஆறு வருடம் ஆகிறது.

ஒவ்வொன்றாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

பயம் அடங்கவில்லை.

“உங்க காலத்துப் பாட்டு சித்தி,” என்றாள் நிருபமா. “இப்ப ஜாஸ் வாசிக்கிற எல்லாரும் இதை வாசிக்காம மேடைய விட்டு எறங்குறதில்ல.”

எந்த ஊர் போனாலும் உன் வாசலில் நான்.

அவள் அவனை வேண்டாம் என்று சொன்ன பிறகு அவன் எழுதிய வரி. எழுதியபடியே செய்தான். திருச்சியில் விடுதிக்கு எதிரே நின்றான். அவள் கோவைக்கு மாற்றல் வாங்கிப் போனாள். அங்கே பேருந்து நிறுத்தத்தில் நின்றான். பிறகு சேலத்தில், அலுவலக வாசலில்.

அதற்குள் பாட்டு வானொலியில் வந்துவிட்டது.

“உனக்காக ஒருத்தன் இப்படி உருகுறான். நீ என்ன கல்லா?” என்றாள் விடுதி வார்டன்.

காவல் நிலையத்தில் அவன் பெயரைச் சொன்னதும் ஏட்டு சிரித்தார். முதல் வரியைப் பாடியும் காட்டினார்.

ஒருநாள் அவன் வருவது நின்றது. பாட்டு நிற்கவில்லை. கல்யாண வரவேற்பில், ஓட்டல் லிஃப்டில், பல் டாக்டர் வீட்டில். நாற்பது வருடமாக, கேட்டதும் எழுந்து போய்விடுவாள்.

இப்போதும் எழப் பார்த்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

மேடையில் பாடகிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“எல்லாரும் இதைக் காதல் பாட்டுன்னு சொல்றாங்க. எனக்கு இதைக் கேட்டா பயமா இருக்கும். அந்தப் பயத்தோடயே பாடுறேன்.”

பாடினாள். மூச்சை அடக்கிக்கொண்டு, தணிந்த குரலில். அவள் ஒரு சொல்லைப் பாடி முடித்ததும் சாக்ஸபோன் அரை அடி பின்னால் வந்தது. அவள் வேகம் கூட்டினால் அதுவும் கூட்டியது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது.



முன்வரிசையில் ஒரு பெண் மெல்லத் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அவளுக்கு அடுத்து இருந்தவளும்.

நிருபமா சித்தியின் கையைப் பிடித்தாள்.  முகத்தைப் பார்த்தாள்.

“சித்தி, வெளிய போயிடலாமா?”

“வேணாம். இரு.”

அந்தப் பாட்டுக்கு மூன்றாவதாக ஒரு சரணம் இருப்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.