எண்ணெய்ப் பளபளப்பு

அன்பரே, உம்முடைய வெளுப்பை நீர் எதைப் பூசி மறைக்கிறீர்?

ஒரு காரின் கறுப்புப் பிளாஸ்டிக் பம்பர் வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கார் கல்யாணத்துக்குப் புறப்படும்போதெல்லாம் அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசுவார்கள், மாலைவரை மின்னும்.

கார் கழுவும் பிரஷ் ஒருநாள் சொன்னது: “அண்ணே, எண்ணெயின்மேல் மெருகு மருந்து ஒட்டாது. முதலில் சோப்பு போட்டுத் தேய்க்க விடுங்கள். பிறகு மருந்து பூசினால் கறுப்புத் திரும்பும், வெயிலையும் தாங்குவீர்கள்.”

“தேய்த்தால் என் நரை ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே. உனக்கென்ன, நீ அழுக்கிலேயே பிழைக்கிறவன். இன்று முகூர்த்தம், நாளைக்குப் பார்ப்போம்” என்றது பம்பர்.

முகூர்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன. எண்ணெய்க்கு அடியில் வெயில் தன் வேலையைச் செய்தது. ஒரு காலையில் கார் லேசாகச் சுவரில் இடித்ததும் பம்பர் குறுக்கே பிளந்தது. அதைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தார்கள்.

“இப்போது தேய்ப்பாயா, தம்பி?” என்று அது கேட்டது. பிரஷ் அதன் பிளவை மெல்லத் தடவிப் பார்த்தது.

பம்பர் நிமிர்ந்து, காரின் பக்கக் கண்ணாடியைத் தாங்கிய கறுப்புப் பிளாஸ்டிக் கூட்டைப் பார்த்தது. அதன்மேலும் எண்ணெய் மின்னியது.

“தங்கச்சி, நான் வெட்கப்பட்டே வீணானேன். உனக்கு இன்னும் உடம்பில் உறுதி இருக்கிறது. இன்றே, வெயில் ஏறுவதற்குள், தம்பியைக் கூப்பிடு.”