மான் வரைந்த பானை

டெல்ஃபினோவின் மூட்டை வாசலுக்கு வெளியே கிடந்தது.

போர்வை, சேணம், பாசிமணி துளைக்கும் கருவி, ஒரு ஜோடி பூட்ஸ். எல்லாம் அவனுடையவை.

ஜூனி பழங்குடியினரிடையே வீடு பெண்களுடையது. மருமகன் வேண்டாம் என்றால் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. அவன் சாமானை வெளியே வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

அவன் இந்த வீட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

காலையில் மாமியாருக்கு ஒத்தாசை செய்ய நினைத்துத் தண்ணீர்ப் பானையைத் தூக்கினான். பெண்கள் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற பானை. அவன் கையில் படி வரைக்கும்கூட வரவில்லை, விழுந்து உடைந்தது.

வெள்ளைப் பூச்சின்மேல் மான்கள் வரைந்த பழைய பானை அது. ஒவ்வொரு மானுக்கும் வாயிலிருந்து இதயம் வரை ஒரு சிவப்புக் கோடு.

மாமியார் ரமோனா ஓடுகளை மடியில் பொறுக்கினாள். மாமனார் ஆன்செல்மோ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி எவலிட்டா அவனைப் பார்க்கவே இல்லை.

பொழுது சாயும்வரை ஆட்டுப் பட்டியிலேயே இருந்துவிட்டு வந்தான். வந்தால் இது.

மூட்டையைத் தோளில் போட்டான். ஒரு பூட்ஸ் நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தவனுக்கு நிமிர மனம் வரவில்லை. எவலிட்டாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாமா என்றிருந்தது.

கதவு திறந்தது. முழங்கை வரை வெள்ளை மண்ணோடு ரமோனா நின்றாள்.

"எங்க மாப்பிள்ள, மூட்டையத் தூக்கிட்டு?"

அவன் கையிலிருந்த பூட்ஸை மூட்டைக்குள் திணித்தான்.

"திருவிழாவுக்குச் சுவர் பூசுறோம். சாமானெல்லாம் எங்க அக்கா வீட்ல போட்ருக்கு. உன்னோடத மட்டும் ஆட்டு நாத்தம் அடிக்குது, உள்ள விடமாட்டேன்னுட்டா. இருந்த எடத்துலயே வெச்சுட்டு உள்ள வா, ஆளு பத்தல."

உள்ளே எவலிட்டா மூக்கில் வெள்ளை அப்பியபடி சுவர் பூசிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் பூசுவதை நிறுத்தினாள்.

"அட லூசு, துரத்திட்டோம்னா நெனச்சே?" என்று அருகில் வந்து, ஈரக் கையாலேயே அவன் கன்னத்தைத் துடைத்தாள். அவன் கன்னத்திலும் வெள்ளை அப்பிக்கொண்டது.

மூலையில் ஆன்செல்மோ தரையில் உட்கார்ந்து உடைந்த ஓடுகளைக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தார். ஒரு மானின் பாதி உடல் கல்லுக்கடியில் போனது.

டெல்ஃபினோ அவர் எதிரே மண்டியிட்டான். "மன்னிச்சிருங்க மாமா."

அவர் நிமிரவில்லை. இன்னொரு கல்லை அவன் பக்கம் தள்ளினார்.

இருவரும் அரைத்தார்கள்.

"நல்லா மாவா அரைங்க," என்றாள் ரமோனா. "பழைய ஓட்டுப் பொடி கலந்தாதான் புதுப் பானை சூளையில வெடிக்காது. உடைஞ்ச இந்தப் பானையும் அப்படிச் செஞ்சதுதான். எங்கம்மா செஞ்சா."

"அதுக்கு ஓடு ஏது அத்தை?"

ரமோனா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இந்த மனுஷன் இங்க வந்த நாலாம் நாளு, எங்களுக்கு இருந்த ஒரே பெரிய பானையப் போட்டு உடைச்சாரு."

ஆன்செல்மோவின் தலை இன்னும் குனிந்தே இருந்தது. தோள்கள் மட்டும் சிரிப்பில் குலுங்கின.