வெந்நீர்க் கஞ்சன்

"வினுதா! உன் புருஷன் இன்னிக்கும் சில்லுன்னுதான் விளாவி வச்சிருக்கார். இதுக்குக் கிணத்துல தள்ளி விட்டிருக்கலாம். வெந்நீர்க் கஞ்சன்!"

குளியலறைக்குள்ளிருந்து அப்பா மரிபசப்பா போட்ட சத்தம் நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

வினுதாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கணவன் சோமசேகர் மட்டும் எதுவுமே காதில் விழாதவன் போல அரிசி மாவில் தட்டிய அக்கி ரொட்டியைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா கேக்குறது ஒரு வாளி சுடுதண்ணி. மாடியில சோலார் தொட்டி கொதிச்சுக் கிடக்கு. சூரியன் என்ன உங்களுக்கு பில்லா அனுப்புது?"

"அந்தச் சூடு போதும் வினு."

"உங்கம்மா வந்து தங்கினப்போ மட்டும் ஆவி பறக்கப் பறக்கக் குளிச்சாங்களே?"

அவன் எழுந்து கை கழுவிக்கொண்டு பேங்குக்குக் கிளம்பினான். சட்டைப் பையில் வெந்நீர்க் குழாயின் திருகுப்பிடி துருத்திக்கொண்டிருந்தது.

ஆமாம், குழாய்த் திருகுதான். மாமனாருக்குத் தினமும் அவனே தண்ணீர் விளாவி வைப்பான். வைத்த கையோடு அந்தக் குளியலறை வெந்நீர்க் குழாயின் திருகைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான். நகையைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களை மைசூர் பார்த்திருக்கிறது. குழாயைப் பூட்டிவிட்டுப் போகிற மாப்பிள்ளையை எங்கே பார்த்தது?

"கெட்டிக்காரர்தான்ப்பா உங்க வீட்டுக்காரர்" என்று எதிர்வீட்டு சுவர்ணா சிரித்தபோது, வினுதாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

தீபாவளி வந்தது. முதல் நாள் சாயங்காலம் நீர் நிரப்பும் பண்டிகை. வினுதா பித்தளைத் தவலையைத் தேய்த்துச் சுண்ணாம்பும் செம்மண்ணும் பட்டையாகப் பூசினாள். கழுத்தில் பாகல் கொடி சுற்றி, தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்து அப்பாவின் குளியலறையில் வைத்தாள். விடிந்தால் எண்ணெய்க் குளியல். நாளைக்காவது அப்பா ஆசைதீரக் குளிக்கட்டும் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

விடியற்காலையில் சோமசேகர் பூ வாங்கக் கீழே போனான். இதுதான் சமயம் என்று அவள் அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்து, முக்காலியில் உட்காரவைத்து, கட்டிங் பிளேயரை எடுத்து வந்தாள்.

மரிபசப்பா பதறினார். "வேணாம்மா. மாப்பிள்ளை வந்து விளாவட்டும்."

"பண்டிகை நாள்ல கூட அவருக்குப் பயப்படணுமா? சும்மா உக்காருங்கப்பா."

பிளேயரால் வெந்நீரைத் திறந்தாள். பச்சைத் தண்ணீரையும் திறந்து, கை ஷவரில் இரண்டும் கலந்து வந்ததை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தாள். பதமான சூடு.

"முதல்ல காலுக்குக் காட்டிக்கிட்டே இருங்க. சீயக்காய் கரைச்சுட்டு வந்துடறேன்."

கட்டடம் முழுக்க அதே நேரத்தில் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வெந்நீர்த் தொட்டி வீட்டுக்கு ஒன்று. பச்சைத் தண்ணீரோ எல்லோருக்கும் பொது. வீட்டுக்கு வீடு திறக்கத் திறக்க, பச்சைத் தண்ணீர்க் குழாய் நூலாகி நின்றேவிட்டது. வெந்நீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தபோது குளியலறை முழுக்க ஆவி. அப்பா நிம்மதியாக உட்கார்ந்து ஷவரைக் காலில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப்பா இருக்கு?"

"சில்லுன்னுதான் இருக்கு. எல்லாம் அந்தக் கஞ்சன் பார்த்த வேலை!"

என்னடா இது என்று வினுதா ஷவருக்கு அடியில் கையை நீட்டினாள். "ஐயோ!" என்று அலறி இழுத்துக்கொண்டாள். கை கன்றிப்போயிருந்தது.

அப்போதுதான் வாசலில் நுழைந்த சோமசேகர் பூவைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். ஷவரைப் பிடுங்கி எறிந்து வெந்நீரை மூடினான். தவலைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு மாமனாரின் காலில் ஊற்றினான். பாதம் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன.

மரிபசப்பா மகளின் கையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். பிறகுதான் வாய் திறந்தார்.

"ஆ... சுடுதே! ஐயோ, சுடுதேம்மா!"

அந்த நேரம் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தது பச்சைத் தண்ணீர்.

வினுதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா... உங்களுக்குக் கால்ல உணர்ச்சியே இல்லையா?"

சோமசேகர்தான் சொன்னான், ஊற்றுவதை நிறுத்தாமலே. "சர்க்கரையால வந்தது. டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். இப்பவும் ஓடணும். ஆட்டோவுக்குச் சொல்லு."

"என்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உங்கம்மாவைக் கொண்டுபோன சர்க்கரையும் கால்ல இருந்துதானே ஆரம்பிச்சது" என்றார் அப்பா. "அந்தப் பயத்துல நீ தூங்க மாட்டே. நான்தான் அவர்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

அவளுக்கு அப்பாவின் ஈரக்காலைத் தொடக்கூடப் பயமாக இருந்தது.

"அப்புறம் ஏம்ப்பா தினமும் சில்லுன்னு இருக்குன்னு சத்தம் போட்டீங்க? உங்களுக்குத்தான் எதுவும் தெரியாதே?"

மரிபசப்பா மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"பேசாம குளிச்சா நீ கண்டுபிடிச்சிடுவியாம். கஞ்சன்னு திட்டுங்க, அவ கோபமெல்லாம் என் மேல திரும்பிடும்னு சொல்லிக் கொடுத்ததே அவர்தாம்மா."