பூசாத ஒரு முழம்

கதவு திறந்ததும் என் கண் நேரே எதிர்ச் சுவருக்குத்தான் போனது. மூலைக்கு மூலை வெள்ளை வெளேரென்று பூசியிருந்தார்கள்.

"அடியேய், நீ இன்னும் உயிரோடவா இருக்க?" என்றாள் ப்ரோனியா அத்தை.

மூன்று வருடம் கழித்து என் சொந்த வீட்டுக்குள் நுழைகிறேன், எனக்கு வரவேற்பு இது. இவள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி. நாங்கள் யூதர்கள், இவள் போலிஷ்காரி என்றாலும் சின்ன வயதிலிருந்து அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எங்கள் வீட்டில் குடியிருக்கிறாள். எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவின் நீலப் பூப்போட்ட சர்க்கரைக் கிண்ணத்தை என் முன்னால் நகர்த்துகிறாள்.

"டீக்கு நல்லாப் போட்டுக்கோடி ஃபெய்கா. எலும்பும் தோலுமா வந்து நிக்கிற."

நான் போட்டுக்கொள்ளவில்லை.

வீட்டைக் கேட்க நான் வரவில்லை. என் வயிறு எரிந்தாலும் அவளே வைத்துக்கொள்ளட்டும். நான் தேடி வந்தது அம்மாவையும் தம்பி லெய்புஷையும். நாற்பத்திரண்டு வசந்தத்தில் ஜெர்மானியர்கள் என்னைத் தோட்டாத் தொழிற்சாலைக்கு இழுத்துப் போனபோது அவனுக்கு ஆறு வயது. அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தெரு யூதர்கள் மொத்தப் பேரையும் கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள் என்று அங்கே கேள்விப்பட்டேன். எல்லாரும் ஏறியிருக்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

"அம்மாவும் தம்பியும் எங்க அத்தை?"

"ரயிலேத்திட்டாங்களேடி, எல்லாரோடயும் சேத்து. என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். உங்கம்மா பையன் கையைப் புடிச்சிக்கிட்டுப் போனா." நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்பிடிப் பாக்குற? நாங்கதான் பூசினோம். உங்க தாத்தா மகா கஞ்சனில்ல? வீடு முழுக்கப் பூசிட்டு, வாசலுக்கு நேரா ஒரு முழம் மட்டும் செங்கல் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும்."

படட்டும் என்றுதான் விட்டார். எருசலேமில் எங்கள் ஆலயத்தை இடித்த துக்கத்துக்காக, எங்கே வீடு கட்டினாலும் ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாமல் விடுவோம். இரண்டாயிரம் வருடமாக விடுகிறோம். என் தாத்தா மூன்று ஊர்களில் மூன்று வீடு கட்டினார். மூன்றிலும் ஒரு முழம் விட்டார். இரண்டை, யூதர்களை அடிக்கக் கிளம்பும் ஈஸ்டர் வாரக் கலவரங்களில் கொளுத்தினார்கள். மூன்றாவதுதான் இது.

வீடு முழுசாகிவிட்டது என்று யூதன் நினைத்துவிடக் கூடாது என்பார் அப்பா. எவன் நினைக்க விட்டான்?

"எப்பப் பூசினீங்க?" என்றேன்.

"ஒடைச்சா பூசித்தானே ஆகணும்?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தங்கம் இருக்குன்னு ஊரே பேசிச்சுடி. உங்காளுங்க வீடு எல்லாத்துலயும் வாசலுக்கு நேரா அதே எடம் பூசாமக் கெடந்தா யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆளாளுக்குக் கடப்பாரையைத் தூக்கிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் விடுவாரா? ரயில் போன மறுநாள் காலையிலயே வந்து குத்திட்டாரு."

"மறுநாளேவா?"

"பின்ன? வேற எவனாவது முந்திக்கிட்டா?"

"உள்ள என்ன இருந்துச்சு?"

"என்ன இருக்கும்? வெறும் செங்கல்லுதான்." கரைந்துபோன சர்க்கரையை மறுபடி கலக்க ஆரம்பித்தாள்.

அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

அந்தச் செங்கற்களை அப்பாவுக்கு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தவள் நான். என்னை இழுத்துப் போவதற்கு முந்தின மாதம் அது. வேறெங்கே சுவரைத் தொட்டாலும் பூச்சு காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஒரு முழத்தில் செங்கல்லை உருவி மறுபடி வைத்தால் யாருக்கும் தெரியாது. பின்னால் புகைபோக்கியை ஒட்டி ஓர் இடுக்கு இருந்தது. ஒரு பெண் மடியில் ஒரு பிள்ளையோடு குந்தி உட்காரலாம்.

ரயில் வந்தால் அம்மாவும் லெய்புஷும் உள்ளே போய்விட வேண்டும். மூன்று நாள் மூச்சுக் காட்டக் கூடாது. மூன்றாம் நாள் இருட்டியதும் பின்பக்கமாகக் காட்டுக்கு. இதுதான் அப்பா சொன்ன ஏற்பாடு. அடுத்த வாரமே அவரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. தொழிற்சாலையில் மூன்று வருடம் அந்த ஒரு முழத்தை நினைத்துத்தான் நான் சாகாமல் கிடந்தேன்.

அவள் புருஷன் கடப்பாரையோடு வந்தது மறுநாள்.

ஒளிந்திருக்கும் யூதரைக் காட்டிக்கொடுத்தால் தலைக்கு ஒரு கிலோ சர்க்கரை என்று நான் ஊரில் இருக்கும்போதே ஜெர்மானியர்கள் சந்தைக் கிணற்றுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

நான் எழுந்துகொண்டேன்.

"அத்தை, லெய்புஷுக்கும் முழுசா ஒரு கிலோ குடுத்தாங்களா? இல்ல, சின்னப் பையன்னு அரைக் கிலோதானா?"

என்ன சர்க்கரை என்று அவள் கேட்கவில்லை. அம்மாவின் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.