பச்சை ஆப்பிள் வாசனை

“ஊது” என்றார் அப்பா.

கங்கையம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷமாக எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். அவள் கையிலிருந்து நழுவிய தட்டு உருண்டு, ஹால் முழுக்க முந்திரிப் பருப்பு சிதறிக் கிடந்தது.

சோபாவில் தோத்தாத்ரி சாரும் தேவானந்தம் சாரும். இருவர் கையிலும் கண்ணாடி டம்ளர்.

லண்டனிலிருந்து வந்த என் அத்திம்பேர் கொடுத்துவிட்டுப் போன சிங்கிள் மால்ட் விஸ்கியை ருசி பார்க்கத்தான் அப்பா அவர்களை அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாகவா என்று அம்மா ஹால் பக்கமே வரவில்லை. அதனால்தான் தட்டு கங்கையம்மாள் கைக்கு வந்தது.

அதை மடக்கென்று குடிக்கக் கூடாதாம். முதலில் மூக்குதானாம்.

“புகை நெடியே கிடையாது சார், ரொம்ப லைட். பச்சை ஆப்பிள், பேரிக்காய், கடைசியில கொஞ்சம் தேன். மோந்து பாருங்கோ.”

பாட்டிலோடு வந்த சின்னப் புத்தகத்தை அப்பா அப்படியே ஒப்பித்தார். தோத்தாத்ரி சார் கண்ணை மூடி முகர்ந்து, ஆப்பிள் தெரிகிறது என்றார். தேவானந்தம் சாருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. தோத்தாத்ரி சாருக்குத் தெரிந்ததும் அவருக்கும் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் தட்டு விழுந்தது.

“இன்னாத்துக்கு சார் ஊதணும்? தலை சுத்துது. தாகமா கீது...” கங்கையம்மாளுக்கு நாக்கு குழறியது.

“ஊதுன்னா ஊது.”

ஊதினாள். லாரி டிரைவரை நிறுத்திய போலீஸ்காரர் மாதிரி அப்பா குனிந்து முகர்ந்தார். அடுத்து தோத்தாத்ரி சார். அடுத்து, டம்ளரைக் கீழே வைக்காமலே, தேவானந்தம் சார். ஒரு பெண்ணின் வாயருகே மூன்று ஆண்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“அதே வாசனை” என்றார் அப்பா. “சாராயம் இப்படி அடிக்காது. இது பழ வாசனை. நம்ம பாட்டில்தான்.”

மற்ற இருவரும் ஆமாம் என்றார்கள். இன்று ஊற்றியது போகவும் பாட்டிலில் இரண்டு விரற்கடை குறைந்திருப்பதையும் அப்பா தூக்கிக் காட்டினார்.

அந்த இரண்டு விரற்கடை எங்கே போனது என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை சாயந்திரம் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா ஒத்திகை பார்த்தார். சொல்லியிருக்க வேண்டும். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. எம்.ஏ. படித்தும் இப்படி.

தேவானந்தம் சார் காலனி சங்கத்தின் செயலாளர். இவள் வேலை செய்யும் மற்ற வீடுகளுக்கும் சொல்லிவிடுவது நம் கடமை என்றார். பொம்பளையே குடித்தால் குடும்பம் என்னாகும் என்று கேட்டுவிட்டு, டம்ளரில் மிச்சமிருந்ததை முடித்தார்.

புருஷனைக் குடிக்குப் பறிகொடுத்தவள் அவள். ஒயின் ஷாப் வாசலைத் தாண்டக் கூடாதென்று தினமும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவள்.

“வேலைய விட்டு நிறுத்திக்க சார். குடிச்சேன்னு மட்டும் வெளிய சொல்லாத. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துகினு கீறேன்.”

அப்பா வாசல் கதவைத் திறந்துவிட்டார்.

கேட்டுக்குப் போவதற்குள் அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. காலையிலிருந்து சொம்பு சொம்பாக அவள் தண்ணீர் குடித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய் ஆட்டோ கூட்டி வந்தேன். குடிகாரிக்கு ஆட்டோ வேறயா என்று அப்பா கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும்.

பல்லாவரம் சந்தைக் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. “குடிக்கல பாப்பா, குடிக்கல பாப்பா” என்று என் தோளில் சாய்ந்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தபீதாள் அவளை ஊதச் சொல்லவில்லை. கட்டிலருகே வந்ததுமே அவர் முகம் மாறியது. நர்ஸை விரட்டி விரட்டி ஊசி போட வைத்து, சலைன் ஏற்றிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

“எத்தனை வருஷமா இவங்களுக்கு சர்க்கரை?”

சர்க்கரையா? கங்கையம்மாளுக்கே தெரியாது என்றேன்.

“பொழச்சுக்குவாங்க. இன்னும் ஒரு மணி நேரம் விட்டிருந்தா ஆள் இல்ல. சர்க்கரை முத்திப் போனா மூச்சுல இப்படித்தான் பழ வாசனை அடிக்கும். ஒருத்தர் மூக்குலகூடவா இது ஏறல?”

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது.

“மூணு பேர் மோந்து பாத்தாங்க டாக்டர். மூணு பேருமே பழ வாசனைன்னு சரியாத்தான் சொன்னாங்க.”